கோதுமை மா ஒத்துவராத வயிறு

நிவாரண அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தப் பட்டியல் இன்றும் மனப்பாடம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் ஒதுங்கியவர்களுக்கும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கும் அந்த மாவே பசியாற்றியது. றொட்டி சுடலாம், பிட்டு அவிக்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் களி கிண்டலாம். அந்த மாவைக் குறை சொல்வதற்காக இப்பாடம் எழுதப்படவில்லை. ஆனால் அதை உண்பதாலேயே உடல் கெடும் சிலர் எம்மிடையேயும் இருக்கக்கூடும். அவர்களை எவ்வாறு இனங்காண்பது, சொந்தக் காணியில் விளைவிக்க முடியாத வீட்டில் அவர்களுக்கு எதைச் சமைத்துக் கொடுப்பது என்பவற்றையே இங்கு பார்க்கப் போகிறோம்.

அந்த வருத்தத்தின் பெயர் சீலியாக் நோய். கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர் 'குளூட்டன் ஒத்துவராது' என்று தொலைபேசியில் சொல்லச் சிலர் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது பல வேளைகளில் இந்த வருத்தத்தைத்தான்.

மாவுக்குள் இருக்கும் பசை

றொட்டிக்குக் குழைத்த கோதுமை மாவில் ஒரு தேசிக்காயளவு உருண்டை எடுங்கள். அரை மணித்தியாலம் வைத்துவிட்டு, ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் மெல்ல மெல்லப் பிசையுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும், அது மாப்பொருள். தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைந்து வந்தால், கடைசியில் இறப்பர் போல இழுபடும் ஒரு சிறு கட்டி கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். பாண் பொங்குவதும் றொட்டி பிய்யாமல் இழுபடுவதும் அதனால்தான். அரிசி மாவைக் குழைத்து இதேபோலச் செய்து பாருங்கள்; கையில் ஒன்றும் மிஞ்சாது. மாதர் சங்கக் கூட்டத்தில் இதை எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டலாம். ஒரு மணித்தியாலப் பேச்சைவிட அது நன்றாக விளங்கும்.

இந்தப் புரதம் கோதுமையில் மட்டுமன்றி, அதன் இனத்தைச் சேர்ந்த பார்லியிலும், எமது நாட்டில் அதிகம் காணப்படாத ரை என்னும் தானியத்திலும் வேறு வடிவில் உண்டு. பெரும்பாலானோருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவரின் உடலோ அதைப் பகைவனாக எண்ணிவிடுகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனச் சக்தி, தனது சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்புறத்தில் சடைமுளைகள் எனப்படும் மிக நுண்ணிய விரல் போன்ற முளைகள் நெருக்கமாக இருக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. அவை தேய்ந்து மட்டமாகிவிட்டால் எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் உடலில் ஒட்டாது. வேர் அழுகிய மிளகாய்க் கன்றுக்குப் பசளை போட்டது போலத்தான்.

இது தொற்றுநோய் அன்று. பிள்ளையை ஒதுக்கி வைக்கவோ, கோப்பையைப் பிரித்து வைக்கவோ தேவையில்லை. பரம்பரைத் தொடர்பு உண்டு. ஒருவருக்கு இந்நோய் இருந்தால், அவரது பெற்றோர், சகோதரர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அது காணப்படலாம். ஆகவே ஒரு பிள்ளைக்கு உறுதியானால் வீட்டில் மற்றவர்களையும் சோதிப்பது நல்லது.

பசிக் காலத்தில் வெளிப்பட்ட உண்மை

இந்நோயின் காரணத்தை உலகம் அறிந்த கதை, இடம்பெயர்ந்து வாழ்ந்த எமக்கு நெருக்கமான கதை. பிள்ளைகள் வயிறு ஊதி, கைகால் மெலிந்து இறந்துபோகும் இந்த நோயை 1888இலேயே இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ விபரித்து எழுதியிருந்தார். மருந்தால் அல்ல, உணவால்தான் இதற்குப் பரிகாரம் என்றும் அவர் ஊகித்தார். ஆனால் எந்த உணவை நிறுத்துவது என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னர் அமெரிக்காவில் இப்பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தையே பிரதான உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் தேறினார்கள். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருக்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அப்பிள்ளைகளைக் காத்தது அவர்கள் உண்ட பழமன்று, உண்ணாது விட்ட பாண்.

ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரிலே சிறுவர் மருத்துவராக இருந்த வில்லெம் டிக்கே என்பவருக்கு 1930களிலேயே கோதுமையின் மீது சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மனியப் படைகளின் பிடியிலிருந்த மேற்கு ஒல்லாந்துக்கு உணவு வரும் வழிகள் அடைபட்டன. மக்கள் பூச்செடியான துலிப்பின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியாலும் குளிராலும் மாண்டனர். ஊரே மெலிந்து கொண்டிருந்த அந்த நாட்களில், டிக்கேயின் வாட்டில் இருந்த சீலியாக் பிள்ளைகளின் நிலை மோசமாகவில்லை. தேறினார்கள் என்றே சொல்ல வேண்டும். பாண் மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் பழைய வயிற்றோட்டம் திரும்பியது. போர் முடிந்த பின் அவர் இதை ஒழுங்காக ஆராய்ந்து 1950இல் தமது ஆய்வேட்டை வெளியிட்டார். அதன் பின்னரே கோதுமையை நீக்குவது இந்நோய்க்கு மருந்தாகியது. இன்றும் வேறு மருந்து இல்லை.

நாங்கள் சோறு தின்னும் மக்கள், எமக்கு இது வருமா என்று கேட்கலாம். 2016இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000க்கு மேற்பட்ட வளர்ந்தவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் ஆயிரம் பேருக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. தெற்கிலோ பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரை அலகு இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரேயளவில், மூவரில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாக, இருந்தது. வித்தியாசம் சட்டியில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராம்.

எமது சட்டியை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் சோறு, சரி. காலையில் பாண், அல்லது கோதுமை மா கலந்த தோசை. இரவில் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த பிட்டு. தேநீருக்கு பிஸ்கற். 'அமெரிக்கன் மா' என்று எமது பாட்டிமார் சொன்ன அந்த மா, இரண்டு தலைமுறைக்குள் குடாநாட்டின் காலையையும் இரவையும் பிடித்துக்கொண்டது. இந்நோய் எம்மிடையே அரிது என்பது உண்மையாக இருக்கலாம். அரிது என்பதாலேயே ஒருவரும் நினைத்துப் பார்க்காமல் ஒரு பிள்ளை வருடக்கணக்கில் பூச்சி மருந்து குடித்துக் கொண்டிருக்கலாம்.

எப்போது சந்தேகிப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எமது பகுதிகளில் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு வழமையான காரணங்கள் அசுத்தமான கிணற்று நீர், குடற்புழு, கிருமி ஆகியவையே. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிப்பது, கை கழுவுவது, ஜீவனி கரைத்துக் கொடுப்பது ஆகியவற்றைக் கைவிட்டுவிட்டுக் கோதுமையில் பழி போடக்கூடாது.

ஆனால் இப்படியொரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த காலத்தில் கொழுகொழுவென்று இருந்தது. ஆறு மாதத்துக்குப் பின் பிஸ்கற்றும் பாணும் பிட்டும் தொடங்கிச் சில மாதங்களில் நிறை ஏறாமல் நின்றுவிட்டது. கிளினிக் அட்டையில் கோடு படுத்துவிட்டது. மலம் வெளிறி, அதிகமாக, எண்ணெய்ப் பிசுபிசுப்போடும் கடும் நாற்றத்தோடும் போகிறது. வயிறு ஊதியிருக்க, கைகளும் பிட்டமும் வற்றிப்போயின. பிள்ளை எந்நேரமும் சிணுங்குகிறது. பூச்சி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை. இந்தப் பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு போகும்போது, 'கோதுமை ஒத்துவராத வருத்தமாக இருக்குமோ?' என்று தாய் துணிந்து கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்ந்தவர்களில் இது வேறு வேடங்களில் வரும். வயிற்றோட்டமே இல்லாமலும் இருக்கலாம். இரும்புச்சத்துக் குளிசை மாதக்கணக்கில் எடுத்தும் ஏறாத இரத்தச்சோகை, அடிக்கடி வரும் வாய்ப்புண், எலும்பு நோவு, காரணம் தெரியாத களைப்பு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, முழங்கையிலும் முழங்காலிலும் கடித்துக்கொண்டு கிளம்பும் சிறு கொப்புளங்கள் என்று பல. சிறுவயதிலேயே இன்சுலின் ஊசி போட வேண்டிய நீரிழிவு உள்ளவர்களுக்கும், தைரொயிட் சுரப்பி நோய் உள்ளவர்களுக்கும் இது வரும் வாய்ப்புக் கூட.

சோதிக்கும் முன் மாவை நிறுத்த வேண்டாம்

இந்தப் பாடத்தில் ஒரேயொரு விடயத்தைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்துவது பிழை.

நோயை அறிய முதலில் இரத்தம் சோதிப்பார்கள். குடலைத் தாக்கும் பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், பெரும்பாலும் அடுத்ததாக வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுகுடலிலிருந்து கடுகளவு துண்டுகள் எடுத்து, சடைமுளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கோதுமையை முன்னரே நிறுத்தினால் பிறபொருளெதிரி குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பிறகு உண்மையை அறிய, மறுபடியும் பல வாரங்கள் மா உண்ணச் சொல்ல வேண்டி வரும். ஆகவே குடும்பநல உத்தியோகத்தரிடமோ பக்கத்து வைத்தியசாலையிலோ முதலில் சொல்லுங்கள். தேவையென்றால் அவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சீலியாக் உணவுமுறை ஒரு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ உரியதன்று. வாழ்நாள் முழுவதற்கும் உரியது. சோதிக்காமல் ஒரு பிள்ளையை அதில் மாட்டிவிடுவது நியாயமில்லை. நோயில்லாதவர் கோதுமையை விடுவதால் நன்மை ஒன்றும் இல்லை. பணமுள்ள நாடுகளில் இது இப்போது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. எமக்கு அந்த நாகரிகம் கட்டாது.

அடுப்படியில்

நோய் உறுதியாகிவிட்டால் கோதுமையையும் பார்லியையும் முற்றாக நிறுத்த வேண்டும். 'கொஞ்சம் தின்றால் என்ன?' என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஒரு துண்டுப் பாண் கூடக் குடலைப் புண்ணாக்கும். வயிற்றோட்டம் வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடக்கூடாது. எமது வீடுகளில் இன்னொரு நம்பிக்கை உண்டு: மாவைத் துணியில் கட்டி அவித்து அரித்தால் அது 'தீமை இல்லாத மா' ஆகிவிடும் என்பது. அவித்தாலும் வறுத்தாலும் புளிக்க வைத்தாலும் குளூட்டன் போகாது.

நல்ல செய்தி என்னவென்றால், எமது மண்ணின் பழைய சாப்பாட்டில் பெரும்பகுதி இவர்களுக்கு உகந்தது. சோறு, கஞ்சி, தனி அரிசி மாவில் இடியப்பம், பிட்டு. குரக்கன், சாமை, தினை, இறுங்கு, சோளம். உழுந்து, பயறு, கடலை, கௌபி. மரவள்ளி, வற்றாளை, இராசவள்ளி. பால், முட்டை, மீன், இறைச்சி, மரக்கறி, தேங்காய் எல்லாம் உண்ணலாம். ஒடியல் மாவும் அப்படியே. வழமை போல ஊறவைத்துக் கசப்பு நீரைப் பிழிந்துவிட்டுப் பிட்டும் கூழும் ஆக்கலாம். வெளிநாட்டிலிருந்து 'குளூட்டன் இல்லாத பிஸ்கற்' பெட்டி வந்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்று எண்ண வேண்டாம். புழுக்கொடியல் துண்டு ஒன்று போதும், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போக.

குரக்கனைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்நோயில் எலும்பும் இரத்தமும் மெலிகின்றன. நூறு கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை. மூன்று, நான்கு மாதத்துப் பயிர். குத்தகைத் துண்டிலும் போடலாம். வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்த செம்மண் தோட்டம் இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன; அவர்களிடம் 'குரக்கன் விதையுங்கள்' என்று சொல்வது எளிது, விதைக்க இடம் வேண்டுமே. இருக்கும் வளவின் மூலையில் ஒரு பனம்பாத்தி போடலாம். ஆவணியில் பொறுக்கிய பனங்கொட்டை தைமாசியில் கிழங்காகும்.

இனி மறைந்திருக்கும் கோதுமை. றவை, சேமியா, நூடில்ஸ், மைதா, ஆட்டா என்று பெயர் மாறினாலும் எல்லாம் கோதுமையே. பார்லித் தண்ணீர் சலக்கடுப்புக்குக் கொடுப்பது வழக்கம், இவர்களுக்கு ஆகாது. மோல்ட் என்று பெயரிட்ட பானங்கள் முளைத்த பார்லியில் செய்யப்படுபவை. கடைப் பெருங்காயத் தூளில் கோதுமை மா கலப்பதுண்டு. சோயா சோஸில் கோதுமை உண்டு. சோயா மீற் பைக்கற்றிலும் உள்ளடக்கத்தை வாசித்துத்தான் வாங்க வேண்டும். மோதகத்துக்கும் கொழுக்கட்டைக்கும் பனங்காய்ப் பணியாரத்துக்கும் பல வீடுகளில் அரிசி மாவோடு கோதுமை மா சேர்க்கிறார்கள். கோயிலில் தந்தது, அயலில் தந்தது என்று வாங்கும்போது கேட்டே ஆகவேண்டும். ஓட்ஸில் குளூட்டன் இல்லாவிட்டாலும் ஆலையில் கோதுமையோடு கலந்துவிடுவதால் எமது கடைகளில் கிடைப்பதைத் தவிர்ப்பது புத்தி.

பாத்திரங்களிலும் கவனம் வேண்டும். பனையோலை நீத்துப்பெட்டியின் இழைக்குள் மா புகுந்துவிட்டால் எவ்வளவு கழுவினாலும் போகாது. நோயாளிக்கென்று ஒரு நீத்துப்பெட்டியும் ஓர் அரிதட்டும் புறம்பாக வைத்திருங்கள். இடியப்ப உரலை நன்றாகக் கழுவினால் போதும். மில்லில் அரைக்கும்போது முன்னுக்குக் கோதுமை அரைத்திருந்தால் பின்னுக்கு வரும் அரிசி மாவிலும் அது கலக்கும். காலையில் முதல் ஆளாகப் போவது ஒரு வழி. வீட்டில் உரலில் இடிப்பது இன்னொரு வழி.

ஒரே வீட்டில் இரண்டு சமையல் ஏழைக்குக் கட்டுப்படியாகாது. இரவுச் சாப்பாட்டையாவது எல்லோருக்கும் அரிசி மாவில் ஆக்கிவிட்டால் அந்தப் பிள்ளை தனியே உட்கார்ந்து தின்ன வேண்டியதில்லை. உதவிப் பொருளாகக் கோதுமை மா கிடைத்தால் அயலவரிடம் அரிசிக்கு மாற்றுங்கள். ஒரு கிலோ மாவும் ஒரு கிலோ அரிசியும் ஏறக்குறைய ஒரேயளவு சக்தி தருவன. நிறைக்கு நிறை மாற்றுவது நியாயம், விலைதான் சண்டை பிடிக்கும். அரிசியில் புரதம் சற்றுக் குறைவு. பருப்போ பயறோ ஒரு பிடி கூட்டிப் போட்டால் அது சரியாகும். வைத்தியரிடம் கடிதம் ஒன்று எடுத்து வைத்திருங்கள். பொருள் பங்கிடும் இடத்தில் மாவுக்குப் பதில் அரிசி கேட்க அது உதவும். பங்கிடும் பணியில் இருக்கும் எமது ஊழியர்களும் இதை வாசிக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஒழுங்காக இப்படி உண்டால் சில வாரங்களிலேயே வயிறு அடங்கும், பிள்ளை விளையாடத் தொடங்கும். குடல் முழுதாக ஆற மாதங்கள் செல்லும். வளர்ந்தவர்களுக்கு இரண்டு வருடங்கள் கூட ஆகலாம். அதுவரை இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் குளிசைகளை வைத்தியர் சொன்னபடி எடுக்க வேண்டும்.

பெண்பிள்ளைக்கு என்றால் வெளியே சொல்லப் பயப்படுகிறார்கள், நாளைக்குக் கலியாணம் குழம்பும் என்று. மறைத்துக் கட்டிக் கொடுத்தால், புகுந்த வீட்டில் முதல் நாளே பாணைத் தின்று சமாளிக்க வேண்டி வரும்; பிறகு இரத்தச்சோகையும் கருச்சிதைவும் வந்து பழியும் அவள் தலையில் விழும். உணவு சரியாக இருந்தால் அவள் பெரும்பாலும் மற்றப் பெண்களைப் போலவே பிள்ளை பெற்று வாழலாம் என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது மேல்.

திருப்பந்தியில்

ஆலயத்தில் தரும் அப்பமும் கோதுமையே. கத்தோலிக்கத் திருச்சபையில், குளூட்டன் அறவே நீக்கிய அப்பத்தை நற்கருணைக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்றும், அதுவும் ஆகாதவர்கள் இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம் என்றும் வத்திக்கான் 2003 யூலை 24ஆம் திகதிக் கடிதத்தில் அறிவித்தது. 2017இல் அதை மீண்டும் நினைவூட்டியது. குருவானவரின் கிண்ணத்தில் அப்பத் துணுக்கு இடப்படுவதால், இவர்களுக்கு வேறொரு சிறு கிண்ணம் வைக்க வேண்டும். பூசைக்கு முன்பே பங்குத்தந்தையிடம் சொன்னால் ஒழுங்கு செய்வார். மற்றத் திருச்சபைகளில் அரிசி அப்பம் பயன்படுத்த இடம் உண்டா என்று போதகரிடம் கேளுங்கள். முதல் நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளையென்றால் மறைக்கல்வி ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழுவில் பேசுவதற்கு

1. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் எத்தனை வேளை கோதுமை மா சமைத்தீர்கள்? உங்கள் பாட்டி காலத்தில் அந்த வேளைகளில் என்ன சமைத்தார்கள்?

2. உங்கள் பகுதியில் நிறை ஏறாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுள் எவராவது பூச்சி மருந்து கொடுத்தும், தண்ணீர் கொதிக்க வைத்தும் தேறாமல் இருக்கிறார்களா? அந்தத் தாயோடு வைத்தியசாலைக்கு யார் போகப் போகிறீர்கள்?

3. கோதுமை உண்ண முடியாத ஒருவர் உங்கள் முகாமிலோ குடியேற்றத்திலோ இருந்தால், அவரது பங்கு மாவை அரிசிக்கு மாற்ற எத்தனை வீடுகள் முன்வரும்?